உப்பனாற்று மதகுக் கதவு

எங்கள் பட்டறையில் ஒரு பைப்பின் வாய் திறந்து கிடந்தால் என் வீட்டுக்காரர் கிளமென்ட்டுக்குச் சோறு இறங்காது. ஜன்னல் கிரில், மாடிப்படிக் கைப்பிடி, மாட்டுக்கொட்டகைத் தூண், எதுவாக இருக்கட்டும், பைப்பின் இரண்டு முனையிலும் தகடு வைத்துச் சுற்றிலும் வெல்டிங் அடித்து மூடிவிட்டுத்தான் கையைக் கழுவுவார். தரங்கம்பாடிக்கும் பொறையாருக்கும் நடுவே கடை போட்டிருக்கிற எல்லா வெல்டர்களுக்கும் இந்தப் பழக்கம் உண்டு. கடல் கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. திறந்த பைப்புக்குள் உப்புக்காற்று புகுந்துவிட்டால், வெளியே பெயிண்ட் பளபளவென்று இருக்கும்போதே உள்ளே இரும்பு தவிடாகிவிடும். ஒருநாள் மாடி ஏறுகிறவர் கையோடு கைப்பிடியும் வந்துவிடும்.

மற்றவர்களுக்கு அது பழக்கம், இவருக்கு அது பைத்தியம். வெல்டிங் ஆறியதும் பைப்பைத் தொட்டித் தண்ணீரில் அமுக்கி, சைக்கிள் டியூபுக்குப் பஞ்சர் பார்ப்பதுபோல காற்று முட்டை வருகிறதா என்று பார்ப்பார். ஒரு சின்ன முட்டை வந்தாலும் போச்சு, அன்றைக்கு மத்தியானச் சாப்பாடு சாயங்காலம்தான். நீங்கள் செய்த கைப்பிடியைக் கடலில் போட்டால் மிதந்து மிதந்து இலங்கைக்கே போய்விடும் என்று நான் கேலி செய்வேன். அவர் சிரிக்கமாட்டார். பட்டறையில் கை அவருடையது, வாய் என்னுடையது. அளவு எடுப்பது, இரும்பு வாங்குவது, வருகிறவர்களிடம் பேசுவது, என்ன பெயிண்ட் என்று முடிவு செய்வது எல்லாம் நான்தான். என் பெயர் ரோஸ்லின்.

சித்திரை மாத வெயிலில் தர்மாம்பாள் அக்கா மொபெட்டில் ஒரு யூரியா சாக்கை வைத்துக்கொண்டு வந்தார். அறுபது வயதைத் தாண்டியவர். உப்பனாற்றங்கரையில் சொந்தமாக நிலம் வைத்துத் தனியாக விவசாயம் பார்க்கிறவர் என்று கேள்விப்பட்டிருக்கிறேன், பேசியதில்லை. சாக்கை அப்படியே பட்டறைத் தரையில் கவிழ்த்தார். சிவப்புச் சிவப்பாகத் துரு உதிர்ந்து விழுந்தது. அதில் உள்ளங்கை அளவு ஒரு தகடுத் துண்டு மட்டும் இன்னும் இரும்பு மாதிரி இருந்தது.

"இதும்மா என் மதகுக் கதவு. இதே மாதிரி ஒண்ணு செஞ்சு குடு. ஆனா இதே மாதிரி ஆகக் கூடாது."

எனக்கு அந்தப் பேச்சு பிடித்துவிட்டது. நாற்காலி போட்டு உட்காரவைத்துக் கதை கேட்டேன். அவர் வயலின் வடிகால் வாய்க்கால் போய் உப்பனாற்றில் விழுகிறது. விழுகிற இடத்தில் ஒரு சின்ன மதகு, அதில் ஏற்றி இறக்குகிற ஒரு இரும்புக் கதவு. மழை கொட்டினால் கதவைத் தூக்கித் தண்ணீரை வடியவிட வேண்டும். கடல் ஏறும்போது கதவை இறக்கி உப்புத் தண்ணீரைத் தடுக்க வேண்டும். கதவின் அடிப்பக்கம் அரித்துப்போனதும் ஆற்றிலிருந்து உப்பு உள்ளே வந்தது. சரி என்று மண்ணைக் கொட்டி மதகை அடைத்தார். ஐப்பசி மழையில் தண்ணீர் வடிய வழியில்லாமல் பயிர் அழுகியது. மண்ணை வெட்டிவிட்டார், அமாவாசைக்குக் கடல் ஏறி உப்பு வந்தது. மூன்று சம்பா போய்விட்டது. நிலம் கோடையில் சுண்ணாம்பு தெளித்தாற்போல் வெளுத்துக் கிடக்கிறது. பக்கத்து நிலமெல்லாம் இறால் குட்டையாகிவிட்டது. இவருடையதையும் கொடுங்கள் என்று குட்டைக்காரர்கள் நடையாக நடக்கிறார்கள்.

மகன் பரணிதரன் சிங்கப்பூரில் கண்ணாடிக் கதவு மாட்டுகிற ஒரு கம்பெனியில் இருக்கிறான். இன்னும் எதற்கம்மா இந்த அவதி, கொடுத்துவிட்டு என்னோடு வந்து இரு என்று வாரம் தவறாமல் சொல்கிறான். அவன் கெட்டவன் இல்லை. அம்மா தனியாகச் சேற்றில் விழுந்து கிடந்தால் யார் பார்ப்பது என்ற பயம் அவனுக்கு.

"அவன்கிட்ட வாக்கு குடுத்துட்டேன். இந்த ஒரு சம்பா. புதுக் கதவு போட்டும் உப்பு உள்ள வந்துச்சுன்னா, அவன் காட்டுற எடத்துல கையெழுத்துப் போட்டுடுவேன்."

சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்தார். போடமாட்டார் என்று நினைக்கிறவர்கள் அந்த முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். வாக்கு கொடுத்தால் போட்டுவிடுகிற முகம். இதுவரை யாருக்கும் நாங்கள் கிரில்தான் செய்து கொடுத்திருக்கிறோம், ஒருவருடைய நிலத்தைச் செய்து கொடுத்ததில்லை.

இன்னொன்றும் கேட்டார். பழைய கதவைத் தூக்க இரண்டு ஆள் வேண்டும். இப்போது கூப்பிட்டால் வர ஆள் இல்லை. அவர் தனியாளாகத் தூக்கி இறக்குகிற மாதிரி வேண்டும். அதுவரை வாய் திறக்காமல் மூலையில் நின்ற கிளமென்ட் உடனே சுண்ணாம்புக்கட்டியை எடுத்துத் தரையில் வரைய ஆரம்பித்துவிட்டார். கனமான ஆங்கிள் இரும்புக்குப் பதில் உள்ளே கூடாக இருக்கிற சதுரப் பைப்பில் சட்டம், அதன் நடுவே ஒரு தகடு, ஓரத்தில் ரப்பர் பட்டை, மேலே திருகுவதற்கு ஒரு சக்கரம். கனம் பாதியாகிவிடும். அக்கா குனிந்து பார்த்துவிட்டு, சைக்கிள் ஓட்டுகிற பிள்ளைகூடத் திருகிவிடும் போலிருக்கே என்றார். கிளமென்ட்டுக்கு அன்று முழுவதும் காது வரை வாய்.

கதவு செய்வது சுலபம். அதற்கு மேலே என்ன போர்த்துவது என்பதில்தான் சண்டை ஆரம்பித்தது.

கிளமென்ட் சொன்னது எல்லோரும் சொல்வது. ரெட் ஆக்சைடு என்கிற சிவப்பு அடிப்பூச்சு இரண்டு கை, அதற்கு மேல் எனாமல் பெயிண்ட் இரண்டு கை. நான் சாக்கில் மிச்சமிருந்த அந்தத் தகடுத் துண்டை எடுத்து அவர் மூக்குக்கு நேரே நீட்டினேன். அதன் ஒரு மூலையில் ரெட் ஆக்சைடு இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது. அவர் வெல்டிங் கண்ணாடியை மாட்டிக்கொண்டார்.

பரணிதரன் வாட்ஸ்அப்பில் படம் படமாக அனுப்பினான். சிங்கப்பூரில் எதைத் தொட்டாலும் பவுடர் கோட்டிங்தானாம். பெயிண்டைப் பொடியாகத் தூவி அடுப்பில் வேகவைத்து எடுப்பது. மயிலாடுதுறையிலேயே செய்கிறார்கள். வழவழவென்று, கேட்ட நிறத்தில், பார்க்கக் கண்ணுக்குக் குளிர்ச்சியாக இருக்கும். அக்கா, கிளிப்பச்சை போடுங்க, வயலுக்குப் பொருத்தமா இருக்கும் என்று அவனிடமிருந்து எனக்கு ஒரு குரல் செய்தியும் வந்தது.

என் மனதில் இருந்தது வேறு. ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போகும்போது கிழக்குக் கடற்கரைச் சாலை வளைவில் ஓரமாக நிற்கிற தடுப்புக் கம்பியைப் பார்ப்பேன். சாம்பல் நிறம், அழகே கிடையாது. லாரிகள் உரசி உரசி அதில் கீறல் இல்லாத இடமில்லை. ஆனால் கீறலில் துரு இல்லை. கடல் அந்தப் பக்கமே இருக்கிறது. இது எப்படி என்று பிரசங்க நேரத்தில்கூட யோசித்திருக்கிறேன், ஆண்டவர் மன்னிக்க வேண்டும். விசாரித்தபோது தெரிந்தது, அது கால்வனைசிங். இரும்பை உருக்கிய ஜிங்கில், அதாவது துத்தநாகத்தில், முழுசாக முக்கி எடுப்பது. உப்பு வந்தால் முதலில் ஜிங்கைத்தான் தின்னுமாம். ஒரு கீறல் விழுந்தாலும் சுற்றியிருக்கிற ஜிங்க் தன்னைக் கொடுத்து இரும்பைக் காப்பாற்றுமாம். அதற்கான தொட்டி திருச்சியில்தான் இருக்கிறது.

மதகுக் கதவு சும்மா நிற்கிற பொருள் இல்லை. தினமும் மதகின் இரு பக்கமும் உள்ள சிமெண்ட் காடியில், அந்த நீளப் பள்ளத்தில், ஏறி இறங்கும், உரசும். உரசினால் உரியாத மேல்பூச்சு எது என்பதுதான் கேள்வி. நான் சொன்னேன் என்பதற்காக யாரும் நம்ப வேண்டாம், மதகே சொல்லட்டும் என்று மூன்று தகடு தயார் செய்தேன். ஒன்றுக்கு கிளமென்ட்டே பெயிண்ட் அடித்தார். ஒன்று மயிலாடுதுறையில் பவுடர் கோட்டிங் செய்தது, கிளிப்பச்சையில். மூன்றாவது பழைய இரும்புக் கடையில் பொறுக்கிய கால்வனைசிங் துண்டு. மூன்றிலும் ஆணியால் ஆழமாக ஒரு சிலுவை கீறினேன். எல்லாருக்கும் ஞானஸ்நானம் ஆயிற்று என்றார் கிளமென்ட். நைலான் கயிற்றில் கட்டி, அக்காவின் மதகுக் காடிக்குள், உப்புத் தண்ணீர் ஏறி இறங்குகிற மட்டத்தில் தொங்கவிட்டோம்.

கோடை முழுக்க அவை அங்கேயே கிடந்தன. ஆடி பிறந்ததும் மூன்று பேருமாகப் போய் எடுத்தோம். பரணிதரனை வீடியோவில் கூப்பிட்டுக் காட்டினேன். பெயிண்ட் தகட்டில் சிலுவை இருந்த இடமே தெரியவில்லை, துரு மூடிவிட்டது. பச்சைத் தகடு கழுவியதும் புதுசு மாதிரி மின்னியது. பார்த்தீங்களா அக்கா என்று அவன் அங்கிருந்து சிரித்தான். நான் கீறலின் ஓரத்தில் நகத்தை வைத்து நெம்பினேன். வேகவைத்த உருளைக்கிழங்குத் தோல் மாதிரி பச்சை உரிந்து கையோடு வந்தது. அடியில் அத்தனையும் துரு. உப்பு கீறலில் நுழைந்து தோலுக்கு அடியிலேயே நடந்து போயிருக்கிறது. மூன்றாவது தகட்டில் கீறலுக்குள் வெள்ளையாக ஏதோ பூத்திருந்தது, அவ்வளவுதான். சிவப்பு இல்லை.

அதுல கலர் கிடையாதா அக்கா என்று பரணிதரன் கேட்டான். கிடையாது தம்பி, சாம்பல்தான் என்றேன். தர்மாம்பாள் அக்கா மட்டும் அந்த மூன்றாவது தகட்டைப் புடவைத் தலைப்பால் துடைத்துக்கொண்டே இருந்தார்.

கிளமென்ட் கதவைச் செய்தார். நான் அவரை எத்தனையோ கேலி செய்திருக்கிறேன், ஆனால் அந்த வேலையைப் பற்றி ஒரு சொல் கேலி சொல்ல என்னால் முடியவில்லை. மூலைக்கு மூலை சாய்வாக வெட்டி, உள்ளிருந்து வெளியே வரை கோடு போட்டாற்போல் வெல்டிங். பைப்பின் ஒவ்வொரு வாயையும் மூடினார். பட்டறைத் தொட்டி பத்தாது என்று பக்கத்து வீட்டுக் கிணற்றடித் தொட்டியில் நாலு பேரைக் கூப்பிட்டு அமுக்கிப் பார்த்தார். ஒரு முட்டைகூட வரவில்லை. அன்று அவர் முகத்தில் இருந்த சந்தோஷத்தை நான் எங்கள் கல்யாணத்தன்றுகூடப் பார்த்ததில்லை, அதைச் சொன்னால் கோபித்துக்கொள்வார்.

இதற்குள் மேற்கேயிருந்து பாசன வாய்க்காலில் தண்ணீர் வந்துவிட்டது. அக்கா வீட்டுப் பக்கத்து மேட்டில் நாற்று விட்டுவிட்டார். நாற்று வளர்ந்துகொண்டிருந்தது. அடுத்த அமாவாசைக்கு முன்னால் கதவு மதகில் இருக்க வேண்டும். அதற்குப் பிந்தினால் வயலில் உப்பு ஏறும், நாற்றும் முற்றிப்போகும். புரட்டாசியில் ஒருநாள் விடியற்காலை குட்டியானை வண்டியில் கதவை ஏற்றி, ஜெபம் பண்ணிவிட்டு, இருவரும் திருச்சிக்குக் கிளம்பினோம்.

துவாக்குடிப் பக்கம் இருந்தது அந்தத் தொழிற்சாலை. உள்ளே போனதும் அனல் முகத்தில் அடித்தது. குளம் மாதிரி ஒரு தொட்டியில் ஜிங்க் கொதித்துக்கொண்டிருந்தது. மேலாளர் அன்சார் பாய் முன்பே போனில் பேசியவர்தான், மரியாதையான மனிதர். கதவைச் சுற்றி வந்தார். குனிந்து பார்த்தார். சட்டத்தை விரலால் தட்டிப் பார்த்தார். மறுபடியும் சுற்றி வந்தார். பிறகு, ஓட்டை எங்கே இருக்கிறது என்று கேட்டார்.

கிளமென்ட் பெருமையோடு, ஓட்டையே கிடையாது பாய், தண்ணியில அமுக்கிப் பார்த்தாச்சு என்றார்.

அன்சார் பாய் கதவிலிருந்து கையை எடுத்துவிட்டார். இதைத் தொட்டியில் இறக்க முடியாது என்றார். மூடிய பைப்புக்குள் காற்று இருக்கும், துளி ஈரம் இருக்கும். கொதிக்கிற ஜிங்கில் இறக்கினால் அது சூடேறி விரிந்து, வெளியே போக வழியில்லாமல் பைப்பையே வெடிக்க வைக்கும். தொட்டியில் இருக்கிற ஜிங்க் வேலை செய்கிறவர்கள் மேல் தெறிக்கும். தலைக்கு மேலே கூரைத் தகட்டைக் காட்டினார். அங்கே ஓரிடம் கிழிந்து மேல்நோக்கி வளைந்திருந்தது. யாரோ கொண்டுவந்த ஒரு மூடிய குழாய் செய்த வேலை. நல்லவேளை, அன்று கீழே யாரும் இல்லை.

கிளமென்ட்டின் முகம் கறுத்துவிட்டது. என் வேலையில் குறை சொன்ன ஆளை நான் இதுவரைக்கும் பார்த்ததில்லை என்றார். அவர் குரல் உயர்ந்து நான் கேட்டது அபூர்வம்.

"குறை இல்லீங்கண்ணே. குறையே இல்லாம செஞ்சதுதான் கஷ்டம். மூலைக்கு மூலை ஓட்டை போட்டுக் குடுங்க. இன்னைக்கு மத்தியானமே இறக்கிடுறேன்."

இன்று விட்டால் நாளையிலிருந்து தொட்டி ஒரு பெரிய ஆர்டருக்குப் போகிறது, அமாவாசை தாண்டித்தான் மறுபடி கிடைக்கும் என்றும் சொன்னார்.

கிளமென்ட் வெளியே போய் வண்டியின் நிழலில் நின்றுகொண்டார். எனக்குப் பயங்கரக் கோபம். அவர் மேல் பாதி, என் மேல் பாதி. பவுடர் கோட்டிங் பற்றி, பெயிண்ட் பற்றி அத்தனை விசாரித்த நான், போனில் இந்த மனிதரிடம் கதவு எப்படி இருக்க வேண்டும் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. பைப்பு என்றால் மூடியிருக்கும் என்பது எனக்கு அவ்வளவு பழகிப்போயிருந்தது. எங்கள் ஊரில் யாரும் கேட்டிருக்கமாட்டார்கள்.

நான் போய் அருகில் நின்றதும் கிளமென்ட் சாலைக்கு எதிர்ப்புறம் காட்டினார். அங்கே ஒரு பவுடர் கோட்டிங் கடை இருந்தது. அதற்குள் போய் விசாரித்துவிட்டே வந்திருக்கிறார். அவர்கள் ஓட்டை கேட்கவில்லை. சாயங்காலம் எடுத்துக்கொண்டு போகலாம். கிளிப்பச்சைகூட இருக்கிறது.

உண்மையைச் சொன்னால் எனக்கும் ஒரு நிமிஷம் ஆசை வந்தது. சாயங்காலம் ஊருக்குப் போய்விடலாம். கதவு அழகாக இருக்கும். பரணிதரன் சந்தோஷப்படுவான். இந்தச் சம்பாவுக்கு அது தாங்கவும் தாங்கும். அடுத்த வருஷம் தோல் உரிய ஆரம்பிக்கும்போது யார் கண்டார்கள்? அப்போது அந்தப் பச்சைத் தகட்டின் தோல் உரிந்து என் கையோடு வந்தது ஞாபகம் வந்தது. அதைப் பார்த்த பிறகும் அதையே போட்டுக் கொடுத்தால் நான் மனுஷியே இல்லை.

கிளமென்ட் தன் நியாயத்தைச் சொன்னார். ஓட்டை போட்டால் அந்த வழியாக உப்புத் தண்ணீர் பைப்புக்குள் போகும். ஒவ்வொரு கடல் ஏற்றத்துக்கும் போகும். வாழ்நாள் முழுக்க எதற்கு எதிராக நான் வேலை செய்தேனோ அதற்கு நானே கதவு திறந்துவிடுவதா என்றார். அவர் சொன்னதில் தப்பில்லை, அதுதான் என்னை இன்னும் வாட்டியது. திரும்பவும் அன்சார் பாயிடம் போய் அதையே கேட்டேன். அவர் ஓரத்தில் கிடந்த ஒரு உடைசல் பைப்பைக் கொடுத்தார். கால்வனைசிங் செய்து, சோதனைக்காக நெடுக அறுத்தது. வெளியே இருந்த அதே சாம்பல் பூச்சு உள்ளேயும் முனை முதல் முனை வரை இருந்தது. ஓட்டை வழியாக ஜிங்கும் உள்ளே போகும், அதற்குத்தான் ஓட்டை என்றார்.

அந்தத் துண்டைக் கொண்டுபோய் கிளமென்ட் கையில் கொடுத்தேன்.

"நீங்க மூடி வெச்சது நல்லாத்தான் இருக்குங்க. ஆனா உள்ள இருக்கிற இரும்பு வெறும் இரும்பு. என்னைக்காவது எங்கயாவது ஒரு விரிசல் விட்டா அதுக்கு யாரு துணை? உள்ளயும் ஒரு சட்டை போட்டு விட்டுடுவோம். அப்புறம் தண்ணி வந்தா வரட்டும், போனாப் போகட்டும்."

அறுத்த பைப்பின் உள்பக்கத்தை அவர் கட்டை விரலால் தடவிக்கொண்டே இருந்தார். ஒரு டீ குடித்தார். இன்னொரு டீ குடித்தார். பிறகு உள்ளே போய் டிரில் இருக்கிறதா என்று கேட்டார். அங்கிருந்த ஆள் ஒருவர் தானே போட்டுத்தருகிறேன் என்று வந்தபோது கையை நீட்டித் தடுத்துவிட்டார்.

அன்சார் பாய் எங்கெங்கே என்று சுண்ணாம்புக்கட்டியால் குறி வைத்தார். ஜிங்க் உள்ளே போகக் கீழ் மூலையில், காற்று வெளியே வர எதிர் மேல் மூலையில். கிளமென்ட் டிரில்லை வைத்து அழுத்தினார். முதல் ஓட்டை விழுந்ததும் உள்ளே அடைத்திருந்த காற்று சின்னதாக ஒரு பெருமூச்சு விட்டது. அவர் கண் கலங்கியிருந்தது. இரும்புத்தூள் என்று சொல்லித் துடைத்துக்கொண்டார். எனக்கும் கண்ணில் இரும்புத்தூள் விழுந்தது, நான் தள்ளித்தான் நின்றிருந்தேன்.

மத்தியானம் கதவை அமிலத்தில் கழுவி, உலர்த்தி, கொக்கியில் மாட்டித் தொட்டிக்குள் சாய்வாக மெல்ல இறக்கினார்கள். மேல் ஓட்டைகளிலிருந்து புகை சீறியது. நான் கிளமென்ட்டின் சட்டையைப் பிடித்துக்கொண்டேன். வெடிக்கவில்லை. தூக்கியபோது கதவு முழுக்க வெள்ளி வெளிச்சமாக இருந்தது. கீழ் ஓட்டைகளிலிருந்து உருகிய ஜிங்க் சொட்டுச் சொட்டாக வழிந்தது. ஆறிய பிறகு கிளமென்ட் ஓட்டைக்குள் சுண்டு விரலை விட்டுப் பார்த்தார்.

"உள்ளயும் இருக்கு ரோஸ்லின்" என்றார். ஊர் வந்து சேரும்வரை அவர் பேசியது அது ஒன்றுதான்.

கதவைக் காடியில் பொருத்தியபோது வேடிக்கை பார்க்க வந்தவர்கள் ஒன்றும் வியக்கவில்லை. வெள்ளிப் பளபளப்பு இரண்டு மூன்று நாளில் மங்கிச் சாம்பலாகிவிட்டிருந்தது. என்னம்மா பெயிண்ட் அடிக்க மறந்துட்டீங்களா என்றார் ஒருவர். பைப்பில் ஓட்டை இருப்பதைப் பார்த்துவிட்டு இன்னொருவர், கிளமென்ட்டுக்கே கை நடுங்க ஆரம்பிச்சிடுச்சு என்று சொன்னது எங்கள் காதில் விழுந்தது. எப்போதும் இதற்கெல்லாம் சுருங்கிப்போகிறவர் அன்று நிமிர்ந்துதான் நின்றார். தர்மாம்பாள் அக்கா கதவுக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்து, சக்கரத்தைத் தானே திருகி ஏற்றினார், தானே இறக்கினார். மூச்சு வாங்கவில்லை.

அமாவாசையன்று காலையில் நாங்கள் போனபோது அக்கா ஏற்கனவே வரப்பில் உட்கார்ந்திருந்தார். வடிகால் வாய்க்காலில் மேற்குத் தண்ணீரும் நேற்றைய மழைத் தண்ணீரும் சேர்ந்து நின்றது. கதவுக்கு அந்தப் பக்கம் உப்பனாறு ஏற ஆரம்பித்துவிட்டது. பரணிதரன் வேலைக்கு லீவு போட்டிருக்கிறான் என்று அக்கா சொன்னார், தன் போனை என் கையில் கொடுத்தார். திரையில் அவன் முகம். முந்தின நாள் குட்டைக்காரர்கள் அவனுக்கே போன் செய்திருக்கிறார்கள். நாளைக்குச் சொல்கிறேன் என்று சொல்லி வைத்திருக்கிறானாம்.

ஆறு ஏறியது. கதவில் பாதி முழுகியது. ஓட்டைகள் வழியாக உப்புத் தண்ணீர் பைப்புக்குள் போனதை நான் பார்த்தேன். கிளமென்ட் பார்க்காத மாதிரி தென்னை மரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பக்கம் தண்ணீர் முட்ட முட்ட நின்றது, இந்தப் பக்கம் அசைவில்லை. ஆனால் அசைவில்லை என்பதை நம்பி என்ன செய்வது? அடியில் கசிந்தால் கண்ணுக்கு எங்கே தெரியும்? உப்புத் தண்ணீரும் நல்ல தண்ணீரும் பார்க்க ஒன்றுதான்.

கடைமடையில் தண்ணீரை நாக்கால்தான் பார்ப்பார்கள். ஒரு கை அள்ளி வாயில் வைப்பார்கள், உப்பு என்றால் அந்த நிமிஷமே காறித் துப்பிவிடுவார்கள். துப்புகிற சத்தம் கேட்டாலே பக்கத்து வயல்காரருக்கு விஷயம் தெரிந்துவிடும். மூன்று வருஷமும் இதே இடத்தில் நின்று துப்பியவர் அக்கா.

ஏற்றம் அடங்கும்வரை பொறுத்திருந்துவிட்டு அக்கா எழுந்தார். புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு கதவுக்கு இந்தப் பக்கம் வாய்க்காலில் இறங்கினார். முழங்கால் அளவுத் தண்ணீர். கதவை ஒட்டி, அடிமட்டத்திலிருந்து ஒரு கை அள்ளினார். வாயில் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டார்.

கிளமென்ட் என் தோளைப் பிடித்தார், வலித்தது. போனில் பரணிதரன், என்னம்மா, எப்படி இருக்கு என்று கேட்டான். வாயில் தண்ணீரை வைத்துக்கொண்டு அவர் எப்படிப் பதில் சொல்வார்? அம்மா, சொல்லும்மா என்றான். அவன் குரல் சிறு பிள்ளையுடையது போலாகிவிட்டது. அவனும் உப்பு வரக் கூடாது என்றுதான் காத்து நிற்கிறான் என்பது எனக்கு அப்போதுதான் புரிந்தது.

தர்மாம்பாள் அக்காவின் தொண்டை ஏறி இறங்கியது. விழுங்கிவிட்டார். கண்ணைத் திறந்து, இன்னொரு கை அள்ளி, அதையும் குடித்தார். மூன்றாவது கையை முகத்தில் அடித்துக்கொண்டு, அந்த ஈரத்தோடே கரையேறி வந்து என் கையிலிருந்த போனைப் பார்த்தார்.

"போனை வைப்பா பரணி. நடவுக்கு ஆள் சொல்லணும்."